லைன்ல இருங்க

புயல் கரை கடந்த மூன்றாம் இரவு.
செம்மண்டலம் துணைமின் நிலையத்தில்
ஒரு போன், ஒரு மெழுகுவத்தி, நான்.

லைன் போச்சு என்கிறார்கள் எல்லாரும்.
வண்டிப்பாளையத்துக்காரருக்கு அது கரண்ட்.
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு
தண்டவாளத்தில் கிடக்கும் வேப்பமரம்.
தாழங்குடாவிலிருந்து ஒருவர்
மூன்று தரம் சொன்னார்:
"மொத்த லைனும் போச்சும்மா."
பேரைக் குறித்துக்கொண்டு
கம்பத்து நம்பர் கேட்டேன்.
கம்பம் இல்லையாம்.
கடலோடு போன ஆயிரங்கால் தூண்டிலாம்.
அதற்கு எங்களிடம் படிவம் கிடையாது.
எழுதிய பேரை அடிக்கவும் கை வரவில்லை.

கோடு என்றுதான் பள்ளியில் அர்த்தம் எழுதினோம்.
பால் பாக்கெட்டுக்கு நிற்பதும் லைன்.
ஒரே சுவரை எட்டுக் குடும்பம் பகிர்ந்தால் லைன் வீடு,
கெடிலம் ஏறிய அன்று அம்மா
கட்டில்மேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது அங்கேதான்.
போன மாதம் இந்த அறையில்,
"கலிவரதன் உங்களுக்கு லைன் போடுறார் மேடம்"
என்று சிரித்தார்கள்.
அவர் துடைத்த ஸ்பானரையே துடைத்துக்கொண்டிருந்தார்.
நான் ஸ்கேலை வைத்து
ரிஜிஸ்டரில் லைன் போட்டேன்,
தேவைக்கு இரண்டு பக்கம் அதிகமாகவே.

இரண்டு பத்துக்கு அவரே கூப்பிட்டார்.
"லைன் கிளியர் குடுங்க மேடம். பச்சையாங்குப்பம் ஃபீடர்."
இறக்கினேன். பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகினேன்.
பெற்றவர்: கலிவரதன்.
திருப்பித் தந்த நேரம்:
அந்தக் கட்டம் நிரம்பும்வரை
யார் கேட்டாலும் ஏற்றக் கூடாது.

கேட்டார்கள்.
டீசல் விடியும்வரைதான் என்றது ஆஸ்பத்திரி.
ஏ.இ. கேட்டார்; மூச்சு விட்டு,
வேண்டாம் என்று அவரே சொன்னார்.
ராசாப்பேட்டை அஞ்சலாட்சி மட்டும்
கரண்ட் கேட்கவில்லை.
"வீட்ல யாருமில்ல. லைன்லயே இரு.
பேசக்கூட வேணாம்."
இருந்தேன்.
அவள் பக்கம் அலை, என் பக்கம் கொசு.
வைத்துவிடுங்கள் என்று சொல்ல
நாலு முறை வாயெடுத்தேன்.

வாசலில் பைக் நின்றது.
முட்டிவரை சேறு, கையில் ஹெல்மெட்.
"எத்தன தடவ அடிக்கிறது?
உங்க லைன் பிசி."
கோபமா என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெரியவில்லை.
ரிசீவரை மேசையில் மல்லாத்தி வைத்து
பேனாவை நீட்டினேன்.
4.25 என்று எழுதினார்,
கட்டத்துக்கு வெளியே, கோணலாக,
நான் போட்ட லைன் ஒன்றிலும் படாமல்.

சாவியை எடுத்தேன். ஏற்றினேன்.

மேசையிலிருந்து ஒரு குரல்,
யாரிடமோ சொல்வதுபோல:
"வந்துடுச்சு."
அப்புறம் லைன் கட்.