உள்பக்கம்

ஜூன் பதினேழு, மாலை நாலரைக்கு
இரண்டு வரியில் மின்னஞ்சல்.
ஒன்பது வருஷத்துக்கு இரண்டு வரி.

பர்கூர் ரோட்டு ஷெட்டு நிறைய
பழக்கூழ் கம்பெனியின் பெயர் அச்சடித்த
அட்டைப்பெட்டிகள், பதினோராயிரம்.
வேறு யாருக்கும் ஆகாதவை.
நானும் அப்படித்தான் என்று
ஷட்டரை இழுக்கும்போது உறைத்தது.

"திங்கக்கிழம வரட்டுமாக்கா?"
திம்மராயன் கேட்டான்.
வா என்றேன்.
கணக்குப் பார்க்காமல் நான் சொன்ன
ஒரே வார்த்தை.

ஐநூறுக்குக் குறைந்து கேட்டவர்களை
கேட்டிலேயே திருப்பி அனுப்பியவள் நான்.
சந்தூரில் மாங்கன்று விற்கும் முனிரத்தினா
ஒருமுறை நாற்பது கேட்டாள்.
நானே போன் போட்டேன்.
"யாரு?" என்றாள்.
கேட்க வேண்டியதுதான்.

இப்போது பெட்டியைப் பிரித்து
உள்பக்கத்தை வெளியே திருப்பி மடிக்கிறோம்.
சிலதில் பசை பிடிப்பதில்லை,
விளிம்பு விரலை அறுக்கிறது.
நாற்பதுக்கும் அங்கேயே எண்ணித் தந்தாள்;
தொண்ணூறு நாள் தவணை கேட்கவில்லை.
நோட்டில் செம்மண் ஒட்டியிருந்தது.

வெளியே வெறும் பழுப்பு.
உள்ளே
ஒட்டுக்கன்றின் ஈர வேரில் சாய்ந்து
அந்தப் பெயர்
தலைகீழாக
பெங்களூர் பஸ்ஸில் போகிறது.