நாக்குக்கு அடியில்

ஆரஞ்சு நிறத்தில் ஒரு படலம்,
தபால்தலையில் பாதிகூட இல்லை.
நாக்குக்கு அடியில் ஒட்டிக்கொண்டால்
பத்து நிமிடம் பேச்சில்லை.
எச்சிலை விழுங்கவும் கூடாது.

மக்கையஸ் மருந்தகத்தின் எதிரே
வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.
எலுமிச்சை மணத்தைக் காட்டி ஏமாற்றுகிற கசப்பு.
வெளியே மெய்ன் மாநிலத்தின் பிப்ரவரி,
உப்பு தூவிய சாலை.
தெரிந்தவன் எவனாவது கையசைத்தால்
தலையை மட்டும் ஆட்டுவேன்.
எமரிக்குத் திமிர் ஏறிவிட்டது என்கிறார்களாம்.

இருபத்திரண்டு வருடம்
மட்டி தோண்டிய முதுகு.
கடல் வற்றும் நேரம்தான் எங்களுக்குப் பகல்;
நடுராத்திரியில் வற்றினால்
நெற்றியில் விளக்கோடு அதுவே பகல்.
குனிந்தவன் நிமிர
மருத்துவர் எழுதித் தந்தது முதல் மாத்திரை.
பிறகு, யாரும் எழுதித் தராதவை.
பிறகு மாத்திரையே இல்லை, தூள்.
பிறகு, குனிந்தவன் குனிந்தபடியே.

"ஒரு சனியனை விட்டு இன்னொரு சனியன்"
என்றான் மைத்துனன் லைனஸ்,
பீர் புட்டியைத் திறந்துகொண்டே.
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.
மூடிக்கொண்டேன்.

அந்தப் பதிலை ரொவீனாவிடம் கேட்டேன்.
செவ்வாய்தோறும் மூன்று மணி,
மூடிப்போன மத்திமீன் ஆலையின் கணக்கறை,
ஓயாமல் சீறும் வெப்பக்குழாய்.
அவள் பதில் சொல்லவில்லை.
"இன்று எழுந்ததும் முதலில் என்ன நினைத்தாய்?" என்றாள்.
யோசித்தேன்.
காப்பி. அப்புறம் மகளின் பள்ளிப் பேருந்து.
அப்புறம் காற்று எந்தப் பக்கம் என்று.
முன்பெல்லாம் மூன்றாவது என்று ஒன்று
இருந்ததே இல்லை.
இரண்டாவதும்.

ஒருநாள் சொன்னேன்:
மருந்து கடலைக் கொஞ்சம் பின்னால் பிடித்துவைக்கிறது,
தரை தெரிகிறது, ஆனால்
மட்டி தானாக மேலே வராது.
"அழகாகப் பேசுகிறாய்" என்றாள்,
பாராட்டாக அல்ல.
"சரி, தோண்டு."

ஏழு மாதம் மேல்மண்ணையே கிளறினேன்.
அப்பாவின் பெல்ட். விவாகரத்து.
உரிமம் ரத்தான கோடை.
எட்டாவது மாதம்
மண்வெட்டிப் பல் கல்லில் இடித்ததுபோல்
வெஸ்லி.

வண்டியில் தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன்.
வற்றம் யாருக்கும் காத்திருக்காது.
போர்வையை இழுத்துவிட்டேன்.
அவன் சட்டைப்பையில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டேன்.
அவனுடைய மண்வெட்டியையும்;
என்னுடையதைவிட அது கூர்.
மூன்று கூடை. நல்ல விலை வேறு.
திரும்பி வந்தபோது
வண்டிக் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கவேண்டும்.
படியவில்லை.

ரொவீனா எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
உள்ளே அந்த மருந்து இல்லாதிருந்தால்
அறையைவிட்டு நேரே எங்கே போயிருப்பேன் என்று தெரியும்;
கதவின் நிறம், எத்தனை தட்டு, எல்லாம்.
வீட்டுக்குப் போனேன்.
உருளைக்கிழங்கு சீவினேன்.
கை நடுங்கியது. சீவினேன்.

நேற்று வெஸ்லியின் அம்மா வீட்டுக்கு
மண்வெட்டியைத் திருப்பித் தரப் போனேன்.
வாசலில் வண்டியை நிறுத்தி
படலத்தை வைத்துக்கொண்டேன்,
தைரியத்துக்கு அல்ல, வேளை வந்துவிட்டதால்.
பத்து நிமிடம் கழித்துத் தட்டலாம் என்று.
ஐடா அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.
சத்தம் கேட்டிருக்கும்.

படியேறி நின்றேன்.
கையில் அவள் மகனின் மண்வெட்டி,
வாயில் கரையாத கசப்பு,
சொல்ல வந்ததெல்லாம்
நாக்குக்கு மேலே.

மண்வெட்டியைப் பார்த்தாள்,
வெகுநேரம், பிடியில் அவன் சுற்றிய நீல நாடாவை.
அப்புறம் இறுக மூடிய என் உதடுகளை.
"சின்னவனும் இதைத்தான் வைத்துக்கொள்கிறான்" என்றாள்.
"இன்னும் எத்தனை நிமிடம்?"

நான்கு விரல் காட்டினேன்.

குளிர் உள்ளே போவதைப் பொருட்படுத்தாமல்
கதவைப் பிடித்தபடியே
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றாள்.