ஏழரை வருஷக் கணக்கு

காரைக்குடி ஷோரூமில் இரண்டையும்
பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்,
பெண் பார்க்கப் போன வீட்டில்
அக்காளையும் தங்கையையும் ஒன்றாக உட்காரவைத்த மாதிரி.
ஒரே உயரம். ஒரே அகலம்.
ஒன்றில் மட்டும் பின்கதவு தானாகத் திறக்கும், மூடும்.

பெட்ரோல் வண்டி லிட்டருக்குப் பதின்மூன்று.
ஹைபிரிட் இருபத்திரண்டு.
விலை வித்தியாசம் மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.
"பிரேக் போடப் போட பேட்டரி ஏறும் ஆச்சி" என்றான்
விற்கிற பையன் சகாயராஜ்.
நிற்கிறதுக்கும் கூலி கொடுக்கிற வண்டியா என்றேன்.
சிரித்தான். அடுத்த ஆளிடம் இதைச் சொல்வான்.

குன்றக்குடிச் சாலையில் முதலில் பெட்ரோல்.
கோபக்காரன் வீட்டுக்கு வருகிற மாதிரி
ஆளுக்கு முன்னால் சத்தம் வந்துவிடுகிறது.
நடுவில் நின்ற மயில்
நாங்கள் வளைவு திரும்புமுன்னே வேலியேறிவிட்டது.
எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பானேன்.

அப்புறம் ஹைபிரிட்.
பொத்தானை அழுத்தினேன், ஒன்றுமே ஆகவில்லை.
திரும்ப அழுத்தினேன், அணைந்துவிட்டது.
"முதல் தடவையே ஆன் ஆயிருச்சு ஆச்சி.
சத்தமில்லேன்னா நின்னுபோச்சுன்னு அர்த்தமில்லே."
அதே வளைவு, அதே மயில்.
முட்டுகிற தூரம் வரை திரும்பிப் பார்க்கவில்லை.
ஹாரன் அடிக்க வெட்கமாக இருந்தது.

பின்சீட்டில் வைரவன்,
ஊசி ஏறி ஏறிப் புடைத்த இடக்கையை
வேறு யாருடையதோ போல மடியில் வைத்துக்கொண்டு.
"இது என் இனம்" என்றார்.
"பாதி சொந்த எஞ்சின், மீதி மெஷின்."

பள்ளத்தூரிலிருந்து மதுரை ஆஸ்பத்திரி, போக வர நூற்றெண்பது.
செவ்வாய், வெள்ளி.
வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்.
இரும்புக்கடைக்குக் கணக்கெழுதுகிறவள் நான்,
விலைப்பட்டியலின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
வருஷத்துக்கு மிச்சம் ஐம்பத்தேழாயிரம்.
கூடக் கொடுத்தது திரும்பி வர ஆறு வருஷம்.
முதலுக்கு வட்டியும் போட்டால் ஏழரை.

எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.
டாக்டர் இதுவரை எண் எதுவும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.
பெட்ரோல் வண்டியே போதும் என்று வாயெடுத்தால்
ஏன் போதும் என்று இவர் கேட்பார்.

கேட்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கி,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"ஏழரையா? சனியா?"
"சனியில்லை. வட்டி."
"போட்ட முதல் வசூலாகாம
எங்க பக்கம் எவனும் கடையைச் சாத்தினதில்லை.
இதையே எடு."

சாம்பல் நிறம்தான் இருந்தது. எடுத்தோம்.
பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி என்று
சகாயராஜ் ஓர் அட்டை நீட்டினான்.
கைப்பையில்
ரிப்போர்ட்டுகள் இருக்கிற அறையைத் தாண்டி
சாவி இருக்கிற அறையில் வைத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை, விடியக்காலை நாலரை.
ஒரே ஒரு தடவை அழுத்தினேன். பச்சை விளக்கு.
தெரு திரும்புவதற்குள் தூங்கிவிட்டார்.
மேலூர் வருமுன்
எத்தனை தடவை கண்ணாடியில் பார்த்தேன் என்று
அந்தக் கணக்கை மட்டும் வைக்கவில்லை.

ராத்திரி நோட்டில் எழுதினேன்:
வெள்ளி. 182 கி.மீ. மிச்சம் 578.
பாக்கி 3,41,422.

பாக்கி இவ்வளவு இருப்பது
பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.
பின்கதவு திறக்கிறது, தானாக மூடமாட்டேன் என்கிறது.
சகாயராஜுக்கு நாளை போன் செய்ய வேண்டும்.