முழுக்கைச் சட்டை

இதற்குப் போய்ப் படர்தாமரை என்று
பேர் வைத்தவன் யாரோ.
குளம் கேட்காது, வியர்வை போதும்.
ஜூலை மாத மும்பையில்
அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

கிராஃபோர்ட் மார்க்கெட், நூருதீன் சேட் கடை.
கினி எலி விற்கிறேன்.
எலி என்று சொன்னால் சேட் முறைப்பார்.
கூண்டுக்கு ஒன்பது.
அள்ளியெடுத்துக் காட்ட இந்த இடது கை.

முதல் வட்டம் முழங்கை மடிப்பில் வந்தது,
குட்டிகள் மூக்கை நுழைத்துக்கொள்ளும் இடம்.
ஓரம் சிவந்து, நடு வெளுத்து,
விளக்கணைத்த பிறகு தினவெடுத்து.
சயான் மருந்துக்கடைக்காரன் கொடுத்த களிம்பு
நாலு நாள் அடக்கியது.
ஐந்தாம் நாள் வட்டத்துக்குள் வட்டம்,
கல் விழுந்தாற்போல.
ஆக, குளமும் வந்துவிட்டது.

வீட்டில் ஐந்து முதுகு, இரண்டு துண்டு.
கொடியில் எதுவும் காய்வதில்லை.
சின்னவள் பிடரியில் ஒன்று.
முத்துப்பேச்சிக்கு எங்கே என்று சொல்லமாட்டாள்.
இருட்டில் நகச் சத்தம் கேட்கும்.

இவ்வளவும் தெரிந்துதான்
வால்கேஷ்வர் சிறுமிக்கு அந்தப் பழுப்புக்குட்டியைக் கொடுத்தேன்.
கொழுகொழுவென்று இருந்தது, ஒரு நோயும் இல்லாததுபோல.
காதுக்குப் பின்னால் மட்டும் மிளகளவு மயிரில்லை.
மயிருள்ள பக்கமாய்த் திருப்பிப் பெட்டியில் வைத்தேன்.

பதினெட்டு நாள் கழித்து வந்தார்கள்.
டிரைவர் கையில் ஷூ பெட்டி,
தாய் கையில் டாக்டர் சீட்டு.
சிறுமியின் கன்னத்தில், கொஞ்சும்போது அழுத்திக்கொள்ளும் இடத்தில்,
ஒரு ரூபாய் நாணயம் அளவு.

அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன்.
சீட்டை வாங்க நீட்டினேன்,
பட்டன் போன கை மேலேறிவிட்டது.
"மம்மி, இவருக்கும்!"
தன் வகுப்புப் பிள்ளையைச் சந்தையில் பார்த்தவள்போல
அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

தாய் என் கையைப் பார்த்தாள். பிறகு கூண்டை. பிறகு என்னை.
யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

சேட் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
"பழைய கூண்டிலேயே விடு" என்றார்.
விடவில்லை.
கேரட் வந்த அட்டைப்பெட்டியில் தனியே வைத்தேன்.
துணை கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தது,
நான் ஷட்டர் இறக்கும்வரை.

எட்டேகால் லோக்கல்.
பைகுல்லாவில் கூட்டம் ஏறியது.
மேலே வளையத்தைப் பிடிக்க வேண்டும்,
இல்லை பக்கத்து ஆளின் வெறும் தோளை.
சயான் வரைக்கும் எதையும் பிடிக்காமல்
கையை மடக்கி நெஞ்சோடு வைத்தபடி நின்றேன்,
குட்டியைத் தூக்கி வைத்திருப்பதுபோலவே.