அசையாமல் இருபத்தைந்து நிமிடம்

பெயர் டாம்சின் ஆலரன்ஷா.
வயது இருபத்தொன்று.
முகவரிக் கட்டத்தில் ராதரம் என்று எழுதி
அடித்துவிட்டு,
கான்பராவில் கிளப் தந்த அறையின் எண்ணை எழுதியிருந்தாள்.
வலது முழங்கால்.

உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று கேட்டேன்.
"இன்னும் இல்லை" என்றாள்.

முன்பு பட்ட காயங்களுக்கு
எங்கள் தாளில் இரண்டே வரி இடம்.
அவளுக்குப் போதவில்லை.
ஓரத்தில் ஏறிப்போயிருந்தது எழுத்து.

பதினொன்றில் இடது மணிக்கட்டு.
பையன்கள் அணியில் அவள் ஒருத்திதான் பெண்.
தள்ளிவிட்டவன்தான்
அடுத்த வாரத்திலிருந்து பந்தை அவளுக்கே கொடுத்தானாம்.
பதினாலில் கணுக்கால், ஐஸ் கட்டிய மைதானம்.
பதினாறில் எதுவும் இல்லை.
"அந்த வருஷம் அகாடமியில் கழற்றிவிட்டார்கள்.
அது எலும்பில்லையே."
வெள்ளி இரவுகளில் மீன் பொரிக்கும் கடையில் நின்றாள்.
முன்கையில் எண்ணெய் தெறித்த மூன்று புள்ளிகளைக் காட்டி
இதையும் சேர்க்கலாமா என்றாள்.
பதினெட்டில் மூக்கு. தலையால் முட்டிய அந்தப் பந்து
உள்ளே போய்விட்டது,
அதனால் அவளுக்கு அது காயமே இல்லை.
பத்தொன்பதில் பெரிய கிளப், மூன்று வருட ஒப்பந்தம்,
பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து
பின்தொடை இறுகியதுதான் மிச்சம்.

பிறகு கடன்.
ஆளைக் கடன் கொடுப்பார்கள் என்று
எனக்கு அன்றுதான் தெரியும்.
ஆறு மாதத்துக்கு, பூமியின் அடிப்பக்கத்துக்கு.
"வட்டி?" என்றேன்.
"ஏழு ஆட்டம், ஐந்து கோல்."

எட்டாவது ஆட்டம். ஜனவரி வெயில்.
யாரும் தொடவில்லை.
அவள் திரும்பினாள், பாதம் திரும்பவில்லை.
டப்பென்று ஒரு சத்தம்.
கூட்டத்தில் யாரோ சிப்ஸ் பாக்கெட்டை உடைத்தார்கள்
என்று நினைத்தாளாம்.

படுக்கவைத்தேன்.
காதில் பஞ்சு, அதன்மேல் ஹெட்போன்.
பயம் வந்தால் அழுத்தச் சொல்லி
உள்ளங்கையில் ஒரு ரப்பர்ப் பந்து.
"ஹேண்ட்பால்" என்றாள்.
அசையக் கூடாது என்றேன்.
ஒரு ஸ்ட்ரைக்கரிடம்.

இயந்திரம் தகரக் கொட்டகையில் சுத்தியலாய் அடித்தது.
அவள் அசையவில்லை.
திரையில் முழங்கால் ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது.
நடுவில்,
இழுத்துக் கட்டிய கறுப்புக் கயிறு ஓட வேண்டிய இடத்தில்
சாம்பல் புகை.
சுற்றிலும் வெள்ளையாகத் தண்ணீர்.
இன்னொரு முறை பார்த்தேன்.
புகை நாராகவில்லை.

எங்கள் வேலையில் வாய் திறக்கக் கூடாது.
டாக்டர் சொல்வார், இரண்டு நாளில்.
பன்னிரண்டு வருடமாகப் பழக்கிவைத்த முகம் இது,
வீட்டில் என் கணவரிடமே செல்லுபடியாகும்.

வெளியே வந்தவள் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
பெனால்ட்டி அடிக்கிறவள்.
எதிரே நிற்கும் கோலி எந்தப் பக்கம் சாய்வாள் என்பதை
அவள் சாயும் முன்பே தெரிந்துகொள்கிறவள்.
நான் நட்டநடுவில்தான் நின்றேன்.
"மெதுவாக இறங்கும்மா" என்றேன்.
அந்த அம்மாவில்
ஒரு விரற்கடை சாய்ந்துவிட்டேன்.

"ஓ" என்றாள்.

ரப்பர்ப் பந்தைத் திருப்பிக் கொடுத்தாள்.
நான்கு நகப் பிறைகள்.
மருந்து நனைத்த துணியால் துடைத்து
அடுத்தவருக்கு எடுத்துவைத்தேன், தோள்பட்டை, எழுபது வயது.

கடன் முடியும் முன்பே கடனைத் திருப்பி அனுப்பினார்கள்.

பதினாலு மாதம் கழித்து
ஒரு திங்கள் அதிகாலை மூன்று மணி. இரவுப் பணி.
அங்கே ஞாயிறு மாலை.
ஸ்கேன் அறையில் ஆளில்லை, போனில் தேடினேன்.
இரண்டாம் டிவிஷன். வேறு கிளப்.
எண்பத்தெட்டாவது நிமிடம், ஆலரன்ஷா உள்ளே.
கோல் இல்லை.
தொண்ணூற்றொன்றில் மஞ்சள் அட்டை.

என்ன தப்பு என்று போடவில்லை.
கையில் பட்டிருக்கும்.