மண்புழு வகை

பதினேழு பேர், ஆளுக்கு நூறு.
ஆண்டிபாளையம் தூண்டில் மன்றம், லாப நோக்கமற்றது.
பதிவு அலுவலக எழுத்தர் கேட்டார்:
"மீனே கெடைக்காதுன்னு எழுதித் தர்றீங்களா?"

பகலெல்லாம் பனியன் கம்பெனியில்
டஜன் கணக்கு எழுதுகிறவன் என்பதால்
பொருளாளர் பதவி என் தலையில்.

முதல் வருசம் கட்லாக் குஞ்சு, வாளி இரண்டு,
ரசீது புத்தகம் போக மீதி நானூற்றுப் பத்து.
சாயத்தண்ணி புகுந்து குஞ்சு மிதந்த வருசம்
சந்தா கேட்க வாய் வரவில்லை.
நோட்டு செல்லாமல் போன மாசம்
நாச்சிமுத்தண்ணன் மூன்று வருசப் பாக்கியை
ஐந்நூறு ஐந்நூறாகக் கட்டினார், சிரித்துக்கொண்டே.
வங்கி வரிசையில் நின்றது நான்.

அடுத்த ஆடியில் எழுதினேன்:
செலவு, மண்புழு, ரூ. 6,400.

மண்புழுவை நாங்கள் காசுக்கு வாங்குவதில்லை.
அருக்காணியக்கா கட்டுத்தறிக்குப் பின்னால்
சாணிக்குப்பையைக் கிளறினால்
தொட்டி நிறைய நெளியும்.

பொதுக்குழுவில் வாசித்தேன்.
யாரோ நரம்பைச் சுற்றுகிற சத்தம்.
கட்டிங் மாஸ்டர் திருமூர்த்தி
தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்;
மகளுக்கு நர்சிங் காலேஜில் அன்றுதான் முதல் வாரம்.
"வெலை ஏறிப்போச்சுங்க" என்றான் ஜோசப்.
கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

பிறகு வரவுப் பக்கத்தில் மண்புழு:
முந்நூறு. இருநூறு. போனஸ் மாசம் ஆயிரம்.
ஆடிட்டர் பேனாவை மூடினார்.
"புழுவை வித்தீங்களா?"
"இல்லைங்க. அதுவாத் திருப்பிக் கொடுக்குது."

கொரோனாவில் சந்தா நின்றது.
இருப்புக் குறைவென்று வங்கி மட்டும்
மாசம் தவறாமல் எடுத்துக்கொண்டது.
பதினேழு பதினொன்றானது.
திருமூர்த்தி கம்பெனி ஷட்டர் இறங்கி
குடும்பம் பெருந்துறைப் பக்கம் போனது.
மண்புழு நிலுவை ஆயிரத்து இருநூறு.
தள்ளுபடி செய்யச் சொன்னார்கள்.
செய்யவில்லை. ஏனென்று கேட்டால் தெரியாது.
ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த வரியை
அடுத்த பக்கத்துக்குத் தூக்கிப் போட்டேன்.

போன புதன்கிழமை, தேநீர் நேரம்,
போன் ஒருதரம் அதிர்ந்தது.
தி. கார்குழலி, ரூ. 1,250.
குறிப்பு என்ற இடத்தில் ஒரே சொல்:
மண்புழு.

ரசீது கிழித்தாயிற்று.
ஐம்பது ரூபாய் அதிகம்.
எந்த வகையில் எழுதுவதென்று
நாலு நாளாகக் கணக்கு நோட்டைத்
திறந்தே வைத்திருக்கிறேன்.