எதிரில் நின்றவன்

மூன்று நவம்பர்களாக எனக்குத் தெரிந்த ஆர்விட் ஸ்கோக்லண்ட்
ஒரு நெற்றி, இரண்டு முட்டி,
வெங்காயம் தின்ற மூச்சு.
அவன் வலது கார்டு,
நான் அக்கரைக் கல்லூரியின் இடது கார்டு.
நடுவே ஒரு பந்தின் நீளம்கூட இல்லை;
அந்தப் பந்தை இருவருமே தொட்டதில்லை.

தொண்ணூற்றாறில் என் மூக்கை உடைத்தான்.
தொண்ணூற்றேழில்
"மூக்கு எப்படி இருக்கிறது?" என்று விசாரித்துவிட்டு
மறுபடியும் அங்கேயே முட்டினான்.
ஹெல்மெட் கிடையாது அப்போது.
நேர்ந்துகொண்டவர்கள்போல் கோடை முழுக்க முடி வளர்ப்போம்.
பிடி வழுக்கட்டும் என்று
கான்வாஸ் சட்டையில் பன்றிக்கொழுப்பு.
மூன்று முயற்சி, ஐந்து கெஜம்.
சாண் மண்ணுக்கு ஒரு பல் என்பது
மினசோட்டாவில் அன்றைய நிலவிலை.

மறுநாள் பத்திரிகையில்
ஓடியவனுக்குப் பரணி,
உதைத்தவனுக்குப் படம்,
பெய்த மழைக்குக்கூட இரண்டு வரி.
தூசிப்படைக்கு: "வரிசை தாங்கியது."
வரிசைக்கென்ன,
பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லையா?

தொண்ணூற்றெட்டில், உறைந்த சேற்றில்,
யாரோ நழுவவிட்ட பந்து அவன் மடியில் விழுந்தது.
நான் மல்லாந்து கிடந்தேன்.
கோல் வரைக்கும் வைக்கோல் பரப்பிய வெறுந்தரை.
ஓடவில்லை அவன்.
அடுத்த வீட்டுக் குழந்தையைக் கையில் வாங்கியவன்போல்
என்னைப் பார்த்தான்:
இதை என்ன செய்ய?
அதற்குள் எட்டுப் பேர் அவன்மேல்.
குவியலின் அடியிலிருந்து
சிரிப்புச் சத்தம் வந்தது.

பிறகு டக்கோட்டாவில் ஒரு பருவம் பயிற்சியாளன்.
நாற்பது டாலர் பேசி
பாதியை உருளைக்கிழங்காகக் கொடுத்தார்களாம்.
அப்புறம் ரயில் பாலங்களைத் தட்டிப் பார்க்கும் வேலை,
எது தாங்கும், எது தாங்காது என்று.

பந்தை முன்னால் எறியலாம் என்று விதி மாறிய வருடம்
பலகை வரிசையில் தற்செயலாக அவன் பக்கத்தில் இடம்.
பந்து எழுந்தது,
முட்டிக்கொண்டிருந்த தலைகளுக்கெல்லாம் மேலே,
யாரையும் தொடாமல்.
மைதானமே அண்ணாந்தது.
நாங்கள் இருவர் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம்,
ஒருவன் நெஞ்சில் ஒருவன் தலையைப் புதைத்துத்
தள்ளிக்கொண்டிருந்த இரண்டு பையன்களை.

"இடதுகாரன் பின்காலைத் தப்பாக ஊன்றுகிறான்" என்றான்.
"வலதுகாரன் வெங்காயம் தின்றிருப்பான்" என்றேன்.
"என்ன?" என்று
கையைக் குவித்துக் காதில் வைத்தான்.
அந்தப் பக்கக் காது
தொண்ணூற்றேழில் நான் எடுத்தது.
இன்னொரு முறை, உரக்கச் சொன்னேன்.